எழுவான்கரையில் நின்று எழுதியது

மட்டக்களப்புக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். 2003இலும் 2005இலும் போனது பத்திரிகைப் பணி நிமித்தம். 2018இல் போனது பணி ஓய்வுக்குப் பின், மனைவியுடன், யாருக்கும் செய்தி அனுப்பவேண்டிய கட்டாயம் இல்லாமல். வெளிநாட்டுப் பயண அனுபவங்களை எழுதச் சொல்லும் நண்பர்கள் பெரும்பாலும் லண்டனையும் பாரிஸையும் எதிர்பார்க்கிறார்கள். அந்த நகரங்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மட்டக்களப்பைப் பற்றி நான் எழுதவேண்டியிருப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. முதல் பயணத்தின்போது நான் எழுதிய கட்டுரையில் ஒரு பிழை இருந்தது. வாசகர் யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. எனக்கே அது முழுதாக விளங்கியபோது பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

பிழை என்னவென்று சொல்லுமுன் அந்த ஊரின் நில அமைப்பைச் சொல்லவேண்டும்.

இலங்கையின் கிழக்குக் கரையில், கடலுக்கு இணையாக, வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நீர்ப்பரப்பு கிடக்கிறது. நம் பழவேற்காட்டைப் போன்ற உவர்நீர்ப் பரப்பு. அங்கே அதை வாவி என்கிறார்கள். களப்பு என்ற சொல்லும் அதைத்தான் குறிக்கும்; ஊர்ப்பெயரிலேயே அது இருக்கிறது. இரண்டு இடங்களில்தான் வாவி கடலைத் தொடுகிறது. ஒன்று நகருக்கு அருகே பாலமீன்மடுவில் உள்ள முகத்துவாரம். மற்றது தெற்கே கல்லாறு. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். வடகீழ்ப் பருவமழையில் வாவி பெருகி வயல்களுக்குள் ஏறும்போது அந்த மணல் திட்டை வெட்டிவிடவேண்டும். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீன்பிடிப்பவருக்கும் கருத்து ஒத்துப்போவது அரிது.

வாவிக்கு இரண்டு கரைகள். கடற்பக்கம் இருப்பது எழுவான்கரை, அதாவது சூரியன் எழுகின்ற கரை. மேற்கே இருப்பது படுவான்கரை, சூரியன் படுகின்ற கரை. எழுவான்கரையில் நெடுஞ்சாலை, நகரம், பெரிய பள்ளிக்கூடங்கள், மருத்துவமனை எல்லாம் இருக்கின்றன. தமிழ் ஊர்களும் காத்தான்குடி போன்ற முஸ்லிம் ஊர்களும் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. படுவான்கரையில் நெல்வயல்கள், எருமைப் பட்டிகள், குளங்கள், கொக்கட்டிச்சோலை, மண்டூர் போன்ற பழைய கோயில் ஊர்கள். அம்பிளாந்துறை, மண்முனை, மகிழடித்தீவு, புளியந்தீவு என்று ஊர்ப்பெயர்கள் பலவும் நீரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இரு கரைகளையும் இணைத்தது 'பாதை'. முதன்முதலில் இந்தச் சொல்லைக் கேட்டபோது சாலையைத்தான் சொல்கிறார்கள் என்று எண்ணினேன். மிதவைகளின் மேல் பலகை அடித்து, ஆட்களையும் சைக்கிள்களையும் நெல் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போகும் ஓடத்துக்கு அங்கே பாதை என்று பெயர். மண்முனையில் ஒன்று, அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையே ஒன்று, மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே ஒன்று என்று துறைதோறும் பாதைகள் ஓடின.

*

வேலையாக மட்டக்களப்புக்கு வந்த வெளிநாட்டாரின் வரிசை நீளமானது.

1602 மே மாத இறுதியில் யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் என்ற டச்சுக் கப்பல் தலைவர் இந்தக் கரையில் இறங்கினார். இங்கிருந்து கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்து, போர்த்துக்கீசருக்கு எதிராக உறவு பேசினார். அவரை அடுத்து வந்த செபால்ட் டி வீர்ட்டுக்கு அந்த நல்லூழ் இல்லை. பிடிபட்ட போர்த்துக்கீசரை அவர் விடுவித்தது அரசனுக்குச் சினமூட்டிற்று. 1603இல் தம் ஆட்கள் பலருடன் மட்டக்களப்பிலேயே கொல்லப்பட்டார். 1628இல் போர்த்துக்கீசர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638 மே 18 அன்று அட்மிரல் வெஸ்டர்வோல்டின் கப்பல்களும் இரண்டாம் இராஜசிங்கனின் படையும் சேர்ந்து அதைப் பிடித்தன. டச்சுக்காரர்கள் இலங்கையில் கைப்பற்றிய முதல் கோட்டை அதுதான். சில நாள்களில் அங்கேயே அரசனுடன் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. போர்த்துக்கீசர் தீவைவிட்டு வெளியேறவும் டச்சுக்காரர் நிலைகொள்ளவும் அதிலிருந்துதான் வழி பிறந்தது. 1795இல் பிரிட்டிஷார் வந்தார்கள். 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் வந்து பள்ளிகளைத் தொடங்கினார். ஓராண்டு நிறைவதற்குள், 1815 ஏப்ரலில் இறந்துபோனார். அவர் பணியில் வேர்கொண்ட மெதடிஸ்ட் மத்திய கல்லூரி இன்றும் நடக்கிறது.

இவர்களுக்குப் பின் வந்தவர் எமர்சன் டெனன்ட். பிரிட்டிஷ் இலங்கை அரசின் செயலாளர். 1848 செப்டம்பரில் அவர் மட்டக்களப்புக்கு வந்தபோது, பழைய கோட்டைக்கு எதிரே இருந்த ஓடத்துறையின் இரு பக்கங்களிலும் வாவியின் அடியிலிருந்து இரவில் இசை எழுவதாகக் கேள்விப்பட்டு விசாரித்தார். நிலவொளியில் படகேறிப் போய்த் தாமே கேட்டார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் எழும் ஒலியைப் போல் மெல்லிய ஒலிகள் பல. படகின் பலகையில் காதை வைத்தபோது அவை இன்னும் தெளிவாயின. 1859இல் வெளிவந்த 'சிலோன்' என்ற நூலில் இதை விரிவாக எழுதினார்.

அதன் பிறகு மட்டக்களப்பு என்றாலே பாடும் மீன் என்றாயிற்று. 1950களில் அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அந்த ஒலியைப் பதிவு செய்தார். இலங்கை வானொலி ஒலிபரப்பியது. ஊருக்கே 'மீன்பாடும் தேனாடு' என்ற பெயர் நிலைத்தது. 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அந்த ஒலியை நீரரமகளிரின் இசையாகக் கண்டு பாடினார். தமிழிசையின் பழைய யாழ்களைக் கணக்கிட்டு மீட்டெடுத்த அவருடைய 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது. அதே ஆண்டில் அவர் மறைந்தார்.

டெனன்டின் நூலில் ஒரு சிறு செய்தி இருக்கிறது. ஊரார் அந்த ஒலி ஏதோ ஒரு மீனிலிருந்து வருவதாக நம்புகிறார்கள் என்று அவர் கேட்டிருந்தார். ஆனால் மீனவர்களை நேரில் விசாரித்தபோது அவர்கள் மீனைக் காட்டவில்லை, ஊரியைக் காட்டினார்கள். ஊரி என்பது நத்தை இனத்துச் சிப்பி. மீனவர்கள் அதற்குச் சொன்ன தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் குறித்துக்கொண்டு அவர் பொருளும் தருகிறார். அவர் தந்த ஆங்கிலச் சொல்லுக்கு 'அழும் சிப்பி' என்றும் பொருள் கொள்ளலாம், 'கூவும் சிப்பி' என்றும் கொள்ளலாம். எப்படிக் கொண்டாலும் உலகம் சுற்றப் போனது மீன்தான். வாவியில் இறங்கி வாழ்ந்தவர்களின் ஊரி அந்த நூலிலேயே தங்கிவிட்டது.

இதை நான் 2003இல் படித்திருக்கவேண்டும். படித்தது பிற்பாடுதான்.

*

2002 பிப்ரவரியில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி, வெளியூர்ப் பத்திரிகையாளர்கள் கிழக்குக்குப் போகத் தொடங்கிய காலம். கொழும்பிலிருந்து வேனில் ஒரு முழுப் பகல் பயணம். மன்னம்பிட்டியில் ரயிலும் வாகனங்களும் அப்போது ஒரே பாலத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தன. வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். புளியந்தீவில் ஒரு விடுதியில் நான்கு நாள்கள் தங்கினேன். அதிகாரிகள், பாதிரியார்கள், ஆசிரியர்கள், அரசியல்வாதிகள் என்று இருபது பேரையாவது சந்தித்திருப்பேன். இருபது பேரும் எழுவான்கரையில் இருந்தவர்கள்.

அப்போது எழுவான்கரை அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. படுவான்கரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வாவிதான் எல்லை.

மூன்றாம் நாள் மாலை, ஆரையம்பதியைத் தாண்டி மண்முனைத் துறைக்குப் போனேன். பாதை புறப்படத் தயாராக நின்றது. காலையில் தயிர்ச் சட்டிகளோடு வந்து விற்றுவிட்டு, வெறுங்கூடையுடன் திரும்பும் பெண்கள் சிலர் ஏறிக்கொண்டிருந்தார்கள். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் என் தோள்பையையும் கேமராவையும் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். அங்கே 'மகனே' என்பது பெரியவர்கள் வாயில் 'மனே' என்று வரும்.

"மனே, இந்தியாவா?"

"ஆமாம் அம்மா. பத்திரிகைக்கு எழுத வந்திருக்கிறேன்."

"அக்கரைக்கு வாறீங்களா?"

"நேரம் இல்லை அம்மா. இருட்டுவதற்குள் நகரத்துக்குத் திரும்பவேண்டும்."

"அப்ப எங்களைப் பத்தி என்னத்தை எழுதுவீங்க?"

அதில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். பாதை புறப்பட்டுவிட்டது. அன்றிரவு கட்டுரையை அனுப்பவேண்டும் என்பது உண்மை. மறுநாள் காலை வந்து கடந்திருக்கலாம் என்பதும் உண்மை. சோதனைச் சாவடியில் நிற்கவேண்டும், அக்கரையில் அனுமதி கேட்கவேண்டும், ஒரு நாள் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். பேட்டிகள் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தன.

கட்டுரை பாடும் மீனில் தொடங்கிப் பாடும் மீனிலேயே முடிந்தது. மீனின் பாட்டை நான் கேட்கவில்லை. இரவில் வாவிக்குள் போவதை யாரும் விரும்பாத காலம். விடுதிக்காரர் சொன்னதை எழுதினேன். நடுவே படுவான்கரையைப் பற்றி ஒரு பத்தி. 'நகரத்தை நம்பி வாழும், காலம் உறைந்துபோன கிராமங்கள்' என்பது அதன் முதல் வரி. அந்த வரியை ஆசிரியர் குழுவில் பாராட்டினார்கள்.

*

2004 டிசம்பர் 26க்குப் பின், 2005 ஜனவரி கடைசியில் இரண்டாம் முறை போனேன். நாவலடி என்பது ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியும் இருக்க, நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டு. அங்கே வீடுகள் இருந்த இடத்தில் தரைக்கட்டுகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் சாய்ந்து நின்றது. பள்ளிக்கூடங்களில் முகாம்கள்.

ஒரு முகாமில், முதல் நாள் இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "படுவான்கரையில் இருந்து சோறு வந்தது" என்றார். அங்கே வீடுவீடாக உலையேற்றிப் பொட்டலம் கட்டிப் பாதையில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். நிவாரண லாரிகள் வருமுன், அமைச்சர்கள் வருமுன், நாங்கள் வருமுன் வந்த சோறு அது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் அச்சில் வந்த செய்தியில் அது இல்லை. சென்னையில் எண்ணிக்கைகளைக் கேட்டார்கள்; நானும் எண்ணிக்கைகளைக் கொடுத்தேன். நகரத்தை நம்பி வாழும் கிராமங்கள் என்று எழுதியவன், அந்தக் கிராமங்கள் நகரத்துக்குச் சோறு போட்டதை எழுதவில்லை.

அந்த இரண்டு பயணங்களுக்கு இடையே மட்டக்களப்பு மாறிவிட்டிருந்தது. 2004இல் புலிகள் இயக்கம் கிழக்கில் பிளவுபட்டது. அந்த ஆண்டு மே 31 அன்று மூத்த பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பு நகரில் பணிக்குச் செல்லும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2005 ஏப்ரல் இறுதியில், மட்டக்களப்பில் பிறந்தவரான தராக்கி சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். என்னைப் போன்றவர்கள் நான்கு நாள் இருந்துவிட்டு விமானம் ஏறினோம். அவர்கள் அங்கேயே இருந்து எழுதினார்கள். எழுத்துக்கு அவர்கள் கொடுத்த விலையையும் நான் கொடுக்க மறுத்த ஒரு நாளையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

*

2007 மார்ச்சில் போர் படுவான்கரைக்குள் வந்தது. ஆயிரக்கணக்கானோர் வாவியைக் கடந்து எழுவான்கரை முகாம்களில் தங்கினார்கள். 2009 மே மாதம் போர் முடிந்தது. 2013இல் கல்லடியில் புதிய பாலம் திறக்கப்பட்டது. 1924ஆம் ஆண்டைச் சேர்ந்த லேடி மேனிங் இரும்புப் பாலம் அதன் அருகிலேயே நிற்கிறது. 2014இல் ஜப்பானின் உதவியோடு மண்முனையில் பாலம் வந்தது. அந்தத் துறையில் பாதை நின்றுபோயிற்று.

2018 வைகாசியில் நானும் மனைவியும் ஆட்டோவில் அந்தப் பாலத்தைக் கடந்தோம். இரண்டு நிமிடங்கள் ஆகவில்லை. பதினைந்து ஆண்டுகளாக நான் கடக்காத நீர்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயிலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அறிமுகமானார். வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பிடச் சொன்னார். வீடு அவர் மனைவியுடையது. மனைவிக்கு அவர் தாயார் கொடுத்தது. அவர் தம் மகளுக்குக் கொடுப்பார். மட்டக்களப்பில் வீடு பெண்வழியாகப் போகும். ஒருவர் எந்தக் 'குடி' என்பதும் தாய்வழியாகவே வரும். கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த உரிமை என்பதற்கு வரையறை உண்டு. இக்கரையோர முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி முறை இருக்கிறது. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து இதை ஆராயத் தொடங்கினார். அவருடைய பெருநூல் வெளிவந்தது 2008இல். அவரும் வேலையாக வந்த வெளிநாட்டார்தான்.

நான் 2003இல் நகர நூலகத்தில் புரட்டிய நூல்களைப் பற்றிச் சொன்னேன். 1964இல் வெளிவந்த 'மட்டக்களப்புத் தமிழகம்' என்ற நூலின் பெயரைக் கேட்டதும் ஆசிரியர் புன்னகைத்தார். "எழுதியவர் மண்டூர்க்காரர். பண்டிதர் வி. சீ. கந்தையா. எங்கட கரைதான்" என்றார். காலம் உறைந்துபோன கரை என்று நான் எழுதியபோது கையில் வைத்திருந்த நூலே அந்தக் கரைக்காரர் எழுதியது. கண்ணகி கோயில்களில் வைகாசிக் குளிர்த்திச் சடங்கு நடக்கும் நாள்கள் அவை. வடமோடி, தென்மோடிக் கூத்துகளைத் தாம் இளமையில் ஆடியதையும், களரியில் விடிய விடிய ஊரே விழித்திருந்ததையும் அவர் சொல்லிக்கொண்டே போனார்.

மாலையில் தாமாகவே வேறு பேச்சுக்கு வந்தார். 1987 ஜனவரி 28 அன்று மகிழடித்தீவு இறால் பண்ணையில் நடந்த கொலைகள். 1991 ஜூன் 12 அன்று மறுபடியும் அதே பகுதியில். தேதிகளைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. ஆசிரியர் பாடம் சொல்வதுபோல் சொன்னார். நான் குறிப்பேட்டை எடுக்கவில்லை.

மறுநாள் காத்தான்குடியில் ஒரு முதிய வியாபாரியோடு தேநீர் குடித்தேன். படுவான்கரையில் தமக்கும் வயல் இருந்தது என்றார். போர்க்காலத்தில் போக முடியாமல் கைவிட்டது. எல்லைக்கல் எங்கே என்பதே இப்போது வழக்கு. 1990 ஆகஸ்ட் 3 அன்று பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் புலிகளால் கொல்லப்பட்ட ஊர் அது. அடுத்த மாதம், செப்டம்பர் 5 அன்று வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் 158 பேரைப் படையினர் அழைத்துச் சென்றார்கள். அவர்கள் திரும்பவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவர்கள் அங்கே குறைவு. ஒவ்வொருவரும் தம் கரையில் நடந்ததைச் சொல்கிறார்கள். வெளியிலிருந்து போகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவன் இரண்டையும் கேட்கவேண்டும். 2003இல் நான் காத்தான்குடியையும் வேனின் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

நாங்கள் திரும்பி ஓராண்டு நிறையுமுன், 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் குழந்தைகள் பலர். அந்தச் செய்தியைச் சென்னையில் தொலைக்காட்சியில் பார்த்தபோது, ஆசிரியரும் வியாபாரியும் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்றுதான் எண்ணம் ஓடியது.

*

புறப்படுவதற்கு முன் இரவு, கல்லடிப் பாலத்தடியில் படகேறினோம். நல்ல நிலவு. படகுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். நடு வாவியில் படகை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் விட்டு, மேல் முனையைக் காதில் வைத்துக்கொள்ளச் சொன்னார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, எங்கோ ஆழத்தில், தளர்ந்த தந்தியைத் தொட்டுத் தொட்டு விட்டதுபோல் ஓர் ஒலி. நின்றது, மறுபடியும் எழுந்தது. மனைவி, தவளை மாதிரி இருக்கிறது என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்ன மாதிரி என்று சொல்லவும் தெரியவில்லை.

"இது மீனா, ஊரியா?" என்று கேட்டேன்.

படகுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஊரி எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது சேர்? எங்கட மூத்தாக்கள்தான் அப்படிச் சொல்லுவாங்க. வாற ஆக்கள் மீன் எண்டு கேட்பாங்க. நாங்களும் மீன் எண்டு சொல்லிருவம்."

கேட்கிறவர்கள் எதை எதிர்பார்க்கிறார்களோ அதையே கொடுத்தனுப்பும் மரியாதை அது. 2003இல் எனக்குக் கிடைத்த இருபது பேட்டிகளிலும் அந்த மரியாதை எவ்வளவு கலந்திருந்தது என்பதை இனி யாரும் கணக்கிட முடியாது.

பத்திரிகையில் பிழை நேர்ந்தால் அடுத்த நாள் சிறிய கட்டத்தில் திருத்தம் போடுவது வழக்கம். என் கட்டுரைக்குப் போட வேண்டிய திருத்தத்தை இங்கே எழுதிவிடுகிறேன். படுவான்கரை நகரத்தை நம்பி வாழும், காலம் உறைந்துபோன கிராமங்களின் தொகுதி என்று எழுதியிருந்தேன். அது தவறு. நகரம் உண்ணும் நெல்லும் தயிரும் அங்கிருந்து வருகின்றன. பேரலை நாளில் சோறும் அங்கிருந்து வந்தது. அந்தக் கட்டுரையை எழுதியவர் படுவான்கரைக்குப் போகவில்லை. அழைத்தார்கள், அவருக்கு நேரம் இருக்கவில்லை.